கவிழ்த்து வைத்த கிளாஸ்

ஒயின் சுற்றுலா போய் ஒயினே குடிக்காமல் வந்தோம் என்றால், வானொலி நிலையத்தில் சிரிக்கிறார்கள்.

கிள்ளானில் நாய் வளர்க்கும் என் அண்ணனை அழைத்தவர்கள், இத்தாலியின் ஆல்பா நகருக்கு அருகே அதே தொழில் செய்யும் தம்பதியர். அவர்களுடைய லகோட்டோ நாய்கள், முன்பு ரவென்னா சதுப்பு நிலங்களில் சுடப்பட்ட வாத்துகளைக் கவ்வி வந்த இனம். சதுப்பு வற்றிய பிறகு, மண்ணுக்குள் இருக்கும் டிரஃபிள் காளானை மோப்பம் பிடிக்கும் வேலைக்கு மாறின.

நவம்பர் குளிரில் நாய் தோண்டித் தந்த வெள்ளை டிரஃபிளை, இரவு தயாரின் என்ற முட்டை நூடல்ஸ்மேல் சீவிப் போட்டார்கள். நெபியோலோ திராட்சையில் செய்த பரோலோ ஒயினும் வந்தது. அண்ணன் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். குடிக்கு அப்பாவைப் பறிகொடுத்த வீடு எங்களுடையது.

வீட்டுக்காரர் காரணம் கேட்கவில்லை. தம் கிளாஸையும் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் எடுத்து வந்தார். நள்ளிரவு வரை இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் குட்டிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.