சத்தம் நல்லா இருக்கிற துண்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அலுமினிய வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்தவர் அப்பா. ஆறின பாகத்தைச் சுத்தியலால் தட்டிக் கேட்பார். "சத்தம் சரியில்ல தம்பி, திரும்ப உருக்கு."

நான் பொடியிலிருந்து செய்கிறேன். அலுமினியப் பொடியைப் பரப்பி, லேசரால் உருக்கி, அடுக்கடுக்காக அச்சிடுகிறோம், விமானப் பாகங்களுக்கான சோதனைத் துண்டுகளை. அப்புறம் முறியும்வரை இழுத்து இழுத்துத் தளர்த்துவோம்.

ஆறில் ஒன்று சீக்கிரமே முறிந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மேற்பரப்பில் வாய் திறந்த ஒரு இடுக்கு, உள்ளே உருகாத பொடி உருண்டைகள். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது, பழவேற்காட்டு மணல் வரிகளைப் போல. உள்ளே மூடிக்கிடக்கும் துளை என்றால் சூடும் அழுத்தமும் கொடுத்து அடைக்கலாம். வெளியே திறந்த இடுக்கை அது அடைக்காது.

"விதிவிலக்குதானே, ரிப்போர்ட்லருந்து எடுத்துடுங்க" என்றார்கள். 1954இல் எல்பா தீவருகே நடுவானில் உடைந்த கமெட் விமானம் ஞாபகம் வந்தது. அதன் அலுமினிய உடல் 1,290 பறப்புகளில் காற்றழுத்தம் ஏறி இறங்கித் தாங்கியிருந்தது. நான் எடுக்கவில்லை. அதற்கப்புறம் மீட்டிங்குகளில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அதே பேட்ச்சில் மிஞ்சிய துண்டை அப்பாவிடம் கொடுத்தேன். டீ ஸ்பூனால் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டார்.

"நல்லாத்தானேம்மா இருக்கு?"