புதுப்பேட்டையில் ஒரு பத்மினி!

தீபாவளி போனஸ் வந்தால் ஊரில் எல்லோரும் மனைவிக்குப் புடவை வாங்குவார்கள். நான் வாங்கியது நாலு வீல் சிலிண்டர். மனைவி இன்னமும் சரியாகப் பேசுவதில்லை.

விஷயம் இதுதான். அப்பாவின் 86-ம் வருஷத்துப் பிரீமியர் பத்மினி, தாம்பரம் வீட்டு முருங்கை மரத்தடியில் ஏழு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. பழைய இரும்புக்காரர் பதினாலாயிரம் தருவதாகச் சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் காரின் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு வந்தார். அவ்வளவுதான்... "கொடுக்கல, நானே சரி பண்றேன்" என்று சொல்லிவிட்டேன். கையில் இருந்ததோ 40,000 ரூபாய். அதில் பாதி பெயிண்ட்டுக்கு என்பது என் திட்டம். வெள்ளை பத்மினியில் ஆபீஸ் வாசலில் போய் இறங்க வேண்டாமா?

பத்மினி என்றதும் உங்களுக்கு நாட்டியப் பேரொளி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. இது சித்தூர் ராணி பேராம். இத்தாலி ஃபியட் 1100-ஐ பம்பாய் குர்லாவில் செய்துவந்தார்கள். 1974-ல்தான் 'பத்மினி' என்று பேர் மாறியது. 1089 சி.சி. இன்ஜின். உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்படியென்றால் பார்ட்ஸுக்கு எங்கே போவது?

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஆதித்தனார் சாலைப் பக்கம் நடங்கள். ஒரு பக்கம் கூவம் வாசனை, இன்னொரு பக்கம் கிரீஸ் வாசனை. இரண்டும் சேர்ந்தால் புதுப்பேட்டை! ஒரு கடை முழுக்கக் கதவு. அடுத்த கடையில் வெறும் ஸ்டியரிங். அதற்கடுத்து ஹெட்லைட்டுகள், கண் வைத்தியசாலை மாதிரி வரிசையாக விழித்துக்கொண்டு. 'இங்கே காரை நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால், உங்கள் கார் பார்ட்ஸையே உங்களிடம் விற்றுவிடுவார்கள்' என்பது பழைய ஜோக். நான் பஸ்ஸில்தான் போனேன். பயமில்லை.

கடைக்கார பாய் என் லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தார். முதல் வரி, குரோம் பம்பர். அப்படியே மடித்துத் திருப்பித் தந்தார்.

"தம்பி, தரையைக் குத்திப் பாத்தியா?"

"எந்தத் தரை, பாய்?"

"கார் தரைப்பா! மேட்டைத் தூக்கிட்டு ஸ்க்ரூ டிரைவரால குத்து. உள்ளே போச்சுன்னா பம்பரை மறந்துடு. லாரிக்கு, ஜீப்புக்கு சேஸி தனி. இதுக்கு பாடிதான் சேஸி. தரை போனா வண்டியே போச்சு."

வீட்டுக்கு வந்து குத்தினேன். ஸ்க்ரூ டிரைவர் போனது. பின்னாலேயே என் கையும் போனது. கீழே முருங்கை இலை தெரிந்தது!

தகரம் வெட்டி வெல்டிங் வைத்து, டிங்கரிங் முடிக்க 15,000. டயர் நாலும் வெடித்துப் பாளம் பாளமாகிவிட்டதால் 11,000. பேட்டரி 4,500. கார்பரேட்டர் கிட், பிளக், பாயிண்ட், ஃபேன் பெல்ட் என்று சில்லறையாக 2,500. பிளக் ஒயர்களை நானே மாட்டினேன். கார் துப்பாக்கி மாதிரி சுட்டது. பக்கத்து வீட்டு மாமா குடத்தோடு ஓடி வந்தார். அப்பா ஈஸிசேரில் இருந்தபடியே, "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு" என்றார். சிலிண்டர் வெடிக்கும் வரிசை அதுதானாம்! மாற்றி மாட்டினேன். இன்ஜின் 'கடகட'வென்று பிடித்துக்கொண்டது.

மிச்சம் 7,000. பெயிண்ட்டா, பிரேக்கா? பழைய பிரேக் சாமான் மலிவாகக் கிடைத்தால் கொஞ்சம் மிச்சம் பிடித்து முன்பக்கமாவது வெள்ளையடிக்கலாம் என்று மறுபடி பாயிடம் போனேன். அவர் சிரிக்கவில்லை.

"கதவு பழசு வாங்கு, கைப்பிடி பழசு வாங்கு. பிரேக் மட்டும் பழசு கேட்டு வராதே தம்பி. நானே விக்க மாட்டேன். வருஷக்கணக்கா நின்ன வண்டில வீல் சிலிண்டர் உள்ளேயே துரு பிடிச்சிருக்கும், ரப்பர் இறுகியிருக்கும். புதுசு போடு. ஹோஸும் மாத்து."

சொந்தச் சரக்கை விற்க மறுக்கிற வியாபாரியை அன்றுதான் பார்த்தேன். ஏழாயிரமும் பிரேக்குக்குப் போனது.

கார் இப்போது மூன்று கலர். அசல் நீலம், கதவு ஒன்று மட்டும் பச்சை, பட்டி பார்த்த இடமெல்லாம் சாம்பல். 'விண்டேஜ்' என்று பெருமையடிக்கவும் வழியில்லை. 2021-ல் வந்த விதிப்படி அதற்கு 50 வயது தாண்ட வேண்டும். ஆக, மற்ற பழைய கார் மாதிரி எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்தோம். அந்தச் செலவுக்கு அப்பா பென்ஷனிலிருந்து கொடுத்தார்.

திரும்பி வரும்போது அப்பா பக்கத்து சீட்டில். தெருமுனையில் திடீரென்று ஒரு எருமை குறுக்கே வந்தது. மிதித்தேன். நின்றது. காரும், எருமையும். இடையே ஒரு சாண்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது. அப்பா நிதானமாகக் கேட்டார்:

"ஏண்டா, பெயிண்ட் அடிச்சிருந்தா எருமை பாத்து ஒதுங்கியிருக்குமா?"