குளிர் பிடித்த கணினி

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, கல்லூரியின் பழம்பெருமை குறித்தோ எமக்குக் கற்பித்த பெருந்தகைகள் குறித்தோ யாம் எழுதுவோமென அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அவற்றை எம்மினும் வல்லோர் இம்மலரிலேயே எழுதியுள்ளனர். யாம் எழுதப்புகுவது ஒரு பழைய கணினிப் பெட்டியைப் பற்றி. இம்மலரின் ஈற்றில் அச்சாகியுள்ள பழைய மாணவர் பட்டியல் அன்பர்கள் கைக்கு எட்டாமற் போகவிருந்த ஒரு கிழமையின் வரலாறு அது. அதில் எமது பிழையும் உண்டாகையால் அதனை யாமே சொல்லிவிடுதல் முறை.

பட்டியலைப் பற்றி முதலிற் சொல்லவேண்டும். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. அதன் பயனாக அடுத்த இருபது ஆண்டுகளில் எம் வகுப்பறைகளின் வாங்குகள் ஒவ்வொன்றாக வெறுமையுற்றன. நேற்று அருகிலிருந்து மாங்காய் பகிர்ந்துண்டவன் இன்று பதுளை நிலையத்திற் கோச்சியேறித் தலைமன்னாருக்குப் போய்விட்டான் என்பர். வரவுப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும், அவ்வளவே. அந்தக் கோடுகளுக்குப் பின்னாலிருந்த பிள்ளைகளைத் தேடியவர் எம் பழைய மாணவர் ஒருவர். தோட்டமொன்றிற் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பசறை, லுணுகலை, நமுனுகுலை, தெமோதரை எனத் தோட்டந்தோட்டமாக அலைந்தும், நீலகிரியிற் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் கடிதமெழுதியும், நானூறுக்கு மேற்பட்ட பெயர்களை அவர் திரட்டினார். பெயர், தோட்டம், டிவிஷன், படித்த வகுப்பு, போன ஆண்டு, போய்ச் சேர்ந்த ஊர் என ஆறு நிரல்கள். அவர் சொல்லச் சொல்ல யாம் எமது கணினியிற் பதிந்தோம். 2021இல் அவர் காலமானார். அவருடைய கைக்குறிப்புக் கொப்பிகள் வீடு மாறியபோது மழையில் நனைந்து அழிந்தன. பட்டியல் இருந்த ஒரேயிடம் எமது மேசைக்கடியிலிருந்த பெட்டியே. வேறொரு பிரதி எடுத்து வைத்தீரா என்று அன்பர்கள் கேட்கலாம். எடுக்கவில்லை.

அப்பெட்டி 2004இல் யாம் வாங்கியது. பதினெட்டு ஆண்டுகள் அதன் செருகியைச் சுவரிலிருந்து கழற்றியதே இல்லை எனலாம். 2022ஆம் ஆண்டு வந்தது. பங்குனி மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. பின்னர் ஆவணியில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 மாசியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. ஓய்வூதியத்திற் காலந்தள்ளும் ஆசிரியரொருவர் செய்யக்கூடியதை யாமுஞ் செய்தோம். இரவிற் படுக்கப்போகுமுன் வீட்டிலுள்ள ஆளிகளையெல்லாம் சுவரிலேயே அணைக்கும் பழக்கத்தைக் கைக்கொண்டோம். சிக்கனம் என்று எண்ணிச் செய்த இக்காரியமே பின்னர் எம்மை வருத்தியது என்பதை அப்போது அறியோம்.

2024 தை மாதம், மலரை அச்சுக்குக் கொடுக்கப் பத்து நாட்கள் இருக்கையில், விடியற்காலை யாம் பெட்டியின் பொத்தானை அழுத்தினோம். விளக்கில்லை, விசிறியின் ஓசையில்லை. மறுபடியும் அழுத்தினோம். கும்பகர்ணனை எழுப்ப யானைகளையும் முரசங்களையும் ஏவினார்களாம். எம்மிடமிருந்தது ஒரு விரலே. அப்புத்தளையின் தை மாதத்தை அறிந்தவர்க்குத் தெரியும்: மூடுபனி காலையில் இறங்கினால் மாலை வரை விலகாது, சுவரும் மேசையும் ஈரம் பூத்து நிற்கும். அப்படியொரு கிழமை அது.

அறிந்த வைத்தியமெல்லாம் செய்தோம். அதே செருகுவாயில் மேசை விளக்கைச் செருகினோம், எரிந்தது. ஆகவே சுவரிற் குற்றமில்லை. செருகியினுள்ளிருந்த உருகியை மாற்றினோம். மின்வடத்தை அயல்வீட்டாரிடம் இரவல் வாங்கிப் பார்த்தோம். பெட்டியின் பின்புறத்துச் சிறிய ஆளியை நிறுத்தி மறுபடியும் இட்டோம். மின்னிணைப்பை நீக்கிவிட்டுப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின் வடிந்துவிடும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வர, அதையுஞ் செய்தோம். மூடியைத் திறந்து, தாய்ப்பலகையிற் காசு போலிருக்கும் சீ. ஆர். 2032 மின்கலத்தைப் புதிதாக்கினோம். நினைவகப் பலகையைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்து மீண்டும் பொருத்தினோம். விசிறிகூடச் சுழலாத பெட்டிக்கு நினைவகத்தைத் துடைத்தல் மாரடைப்பு வந்தவனுக்கு நகம் வெட்டிய கதைதான் என்று பின்னர் எமக்குச் சொல்லப்பட்டது.

மூன்றாம் நாள் பெட்டியைச் சாக்கிற் பொதிந்து, பதுளைக்குப் புகையிரதமேறினோம். 1924இற் பதுளையை எட்டிய பாதை அது. தெமோதரையில் வண்டி மலையைச் சுற்றி வளைந்து, தான் நின்ற நிலையத்துக்குக் கீழேயே குகையினூடாக நுழைந்து போவதைச் சிறுவயதில் எத்தனை முறை எட்டிப் பார்த்திருப்போம்! அன்று பார்க்கவில்லை; பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டிருந்தோம். பதுளையில் வெயில் எரித்தது. கடைக்காரத் தம்பி பெட்டியை மேசையில் வைத்து, வடத்தைச் செருகிப் பொத்தானைத் தொட்டார். விசிறி சுழன்றது. திரை ஒளிர்ந்தது.

“இதுக்கு ஒன்றும் இல்லையே, ஐயா,” என்றார் அவர். கூலியும் வாங்கவில்லை.

வைத்தியர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்ட நோயாளியின் நாணம் எமக்கு. அங்கேயே, அக்கணமே, பட்டியலைப் பிரதி எடுத்திருக்கலாம். மாலை வண்டி தவறிவிடுமென்ற அவசரம். நோயில்லை என்று கேட்ட மகிழ்ச்சி. வீட்டிலே ஆறுதலாக எடுத்துக்கொள்வோம் என்று திரும்பினோம். மறுநாட் காலை அப்புத்தளையிற் பெட்டி மறுபடியும் பிணம்.

அன்று யாம் உண்ணவில்லை. மறைந்த நண்பர் எட்டு ஆண்டுகள் கால்தேய நடந்து சேர்த்த பெயர்களை, நான்கு நிமிட வேலையைச் செய்யாமையால் இழந்தோம் என்ற எண்ணம் நெஞ்சை அறுத்தது.

அப்போதுதான் எம் பழைய மாணவரொருவரின் நினைவு வந்தது. பசறைப் பக்கத்துத் தோட்ட லயத்திற் பிறந்து, எம்மிடம் விஞ்ஞானம் பயின்று, தேயிலைத் தொழிற்சாலையொன்றில் மின்வேலை பார்ப்பவர். தொலைபேசியில் நடந்ததைச் சொன்னோம். அவர் கேட்ட கேள்வி ஒன்றே: “சேர், பதுளையில் வேலை செய்தது பகலா, காலையா?” ஞாயிற்றுக்கிழமை விடியலிலேயே பஸ்ஸேறி வந்துவிட்டார்.

வந்தவர் முதலிற் சொன்ன சொல் எமக்கு உணவு தந்தது: “பட்டியல் வன்தட்டில் இருக்கிறது சேர், பவர் சப்ளையில் இல்லை. இது எரியாவிட்டாலும் தட்டு பத்திரம்.” ஆனால் அத்தட்டு பழைய நாடாவடத்தால் இணைக்கப்படுவது, இக்காலக் கணினிகளில் அதற்கு இடமில்லை. இடையில் மாட்டும் பொறியைக் கொழும்பிலிருந்து தருவிக்கலாம், அதற்குள் அச்சு நாள் கடந்துவிடும் என்றார்.

பின்னர் எமக்குப் பாடம் நடத்தினார். கற்பித்தவர் கற்பவராதலில் ஒரு சுகமுண்டு. பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நேரே பாய்கிறது என்றே யாம் எண்ணியிருந்தோம். மிகப் பழைய கணினிகளில் அப்படித்தானாம். 1995இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ. டி. எக்ஸ். என்னும் அமைப்பு முறைக்குப் பின் பொத்தான் வெறும் மனுவே. தொழிலாளி கணக்கப்பிள்ளையிடம் மனுக் கொடுக்க, அவர் துரையிடம் சொல்ல, துரை உத்தரவிடுவது போல, பொத்தான் தாய்ப்பலகையிடம் சொல்லும். பலகை பச்சைக் கம்பியொன்றின் வழியே வலு வழங்கிக்கு உத்தரவிடும். அதன் பின்னரே 12, 5, 3.3 வோல்ட்டுகள் பிறக்கும். ஆனால் மனுவைக் கேட்பதற்குப் பலகை விழித்திருக்க வேண்டுமன்றோ? அதற்காக, செருகி சுவரிலிருக்கும் வரை, ஊதாக் கம்பியில் எந்நேரமும் 5 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். வீடு முழுதும் உறங்கினாலும் வாசலில் எரியும் சிம்னி விளக்குப் போன்றது அது.

தம் மின்மானியின் கூரை ஊதாக் கம்பியில் வைத்தார். முள்ளில்லா மானி, எண்கள் தடுமாறின. மூன்றைக்கூட எட்டவில்லை.

“இது கெட்ட பெட்டி இல்லை சேர், குளிர் பிடித்த பெட்டி.”

வலு வழங்கியினுள் கொள்ளளவிகள் என்னும் சிறு உருளைகள் உள. அவற்றினுள்ளே திரவம் நனைத்த தாள் சுருண்டிருக்கும். விழித்திருக்கும் சுற்று ஓயாது இயங்குவதால் அதன் கொள்ளளவிகளே முதலில் உலர்ந்து முதுமையடைகின்றன. உலர்ந்தவை சூட்டில் ஒருவாறு தொழில் செய்யும். குளிரில் அவற்றின் உட்தடை பன்மடங்கு பெருகிவிடும். பதினெட்டு ஆண்டுகள் செருகி சுவரிலிருந்தமையால் அவை இரவிலும் வெதுவெதுப்பாக இருந்தன, நோய் வெளித்தெரியவில்லை. யாம் இரவுதோறும் ஆளியை அணைக்கத் தொடங்கியதும் கிழட்டு உருளைகள் பனியில் விறைத்தன. அப்புத்தளை ஏறத்தாழ 1430 மீற்றர் உயரம். பதுளை நிலையம் ஏறத்தாழ 650. அவ்வளவு இறங்கினாலே ஐந்து பாகை சூடு கூடும். அதன் மேல் நண்பகல் வெயில். பெட்டி பதுளையில் உயிர்த்ததன் மருமம் இதுவே. சிக்கனத்தை விட்டுவிடுங்கள் என்று யாம் எவர்க்கும் சொல்லவில்லை. அணைக்காதிருந்தாலும் அவ்வுருளைகள் ஒருநாள் இறந்திருக்கும்.

பெட்டியின் வடத்தைக் கழற்றிவிட்டு, எம் பேர்த்தியின் தலைமயிர் உலர்த்தும் கருவியை அவர் கேட்டார். பின்புறக் கம்பி வலையினூடாகப் பத்து நிமிடம் வெப்பக்காற்றை ஊதினார். பனி மிகுந்த நாளிற் கொழுந்து வாட்டுவதற்குச் சூடான காற்றை விடுவதில்லையா, அந்தத் தொழில்தானே எங்களுடையது என்று சிரித்தார். வலு வழங்கியையே திறந்து பழுது பார்த்தாலென்ன என்றோம். தலையசைத்து மறுத்தார். 230 வோல்ட் அங்கே நேரோட்டமாகும்போது 325 வோல்ட் வரை ஏறிப் பெரிய உருளையில் நிற்குமாம். வடத்தைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் தங்குமாம். பழக்கமில்லாதவர் கைவைக்கலாகாது என்றார். தொழிற்சாலையில் முப்பது குதிரைவலு மோட்டர்களோடு பழகுபவர் அஞ்சிய இடத்தில் யாமும் அஞ்சினோம்.

வடத்தைச் செருகினார். ஊதாக் கம்பி ஐந்தைக் காட்டியது. “நீங்களே அழுத்துங்கள் சேர்.” அழுத்தினோம். விசிறி இரைந்தது, ‘கீச்’ என்றொரு ஒலி, திரையில் வெளிச்சம்.

அடுத்த கால்மணி நேரம் மின்சாரம் நின்றுவிடலாகாதே என்று யாம் வேண்டிக்கொண்டிருந்தோம். பட்டியலை இரண்டு நினைவுக்கோல்களிற் பிரதி செய்து, ஒன்றைத் தம் சட்டைப்பையிலும் மற்றதை எம் கையிலும் வைத்தார். மூன்றாவதை அச்சகத்துக்கு அப்போதே அனுப்பினார். மறு கிழமை கழிக்கப்பட்ட கணினியொன்றிலிருந்து வேறு வலு வழங்கி கொணர்ந்து மாட்டினார். அதன் முனை இருபத்து நான்கு ஊசிக்குரியது. எமது பலகை இருபதுக்குரியது. மிஞ்சிய நான்கையும் பக்கத்தில் தொங்கவிட்டால் போதுமாம். அது இன்றுந் தொங்குகிறது.

அன்று பிரதி எடுத்த பின், எல்லாம் சரியாக வந்துள்ளனவா என்று பட்டியலைத் திறந்து அவர் மேலிருந்து கீழாகப் பார்த்தார். நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டப் பெயர்கள் வருமிடத்தில் விரல் நின்றது.

“இது எங்கள் பெரியப்பா, சேர்.”

போன ஆண்டு 1972, சேர்ந்த ஊர் கூடலூர், வகுப்பு எட்டு.

“எட்டுவரை படித்தாரா? அப்பா அவர் ஐந்தோடு நின்றுவிட்டார் என்றே சொல்வார். தான் பள்ளிக்கூடம் போகாததற்கும் அதையே காரணம் சொல்வார்.”

அவ்வரியைக் கைப்பேசியிற் படம்பிடித்துக்கொண்டார். தேநீர் ஆறிப்போயிருந்தது, வேறு ஊற்றித் தருவதாகச் சொன்னோம். வேண்டாம் சேர், அப்பா உறங்குமுன் போகவேண்டும் என்று, மானியைப் பையிலிட்டு, பண்டாரவளைக்குப் போகும் பஸ்ஸுக்காகப் பனியில் ஓடினார்.