வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு



ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். கம்பெனி பஸ் ஏறிய பிள்ளைகளை ஊரே மெச்சியது. 2013-ல் வருமான வரிப் பிரச்சினை வந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. மெச்சிய அதே வாய்கள், "காலேஜுக்குப் போகாம அங்க போய்ச் சேர்ந்தியே, அப்பவே யோசிச்சிருக்க வேணாமா?" என்று கேட்டன.

அதே காலத்தில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயில் சேர்ந்தவர்களை இன்றும் புத்திசாலி என்கிறோம். சேர்ந்த நாளில் இரு தரப்புக்கும் தெரிந்தது ஒன்றுதான்: வீட்டுக்குப் பக்கம், பேர் பெற்ற கம்பெனி, மாதச் சம்பளம். டெல்லியிலும் பின்லாந்திலும் பின்னால் நடக்கப்போவது பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

1988-ல் பேரன், ஹெர்ஷி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு டாக்டர் அறுவை சிகிச்சைக்கு முடிவெடுக்கிறார். நோயாளி இறந்தார் என்று சொன்னபோது கொடுத்ததைவிட, பிழைத்தார் என்று சொன்னபோது அந்த முடிவுக்கு மக்கள் உயர்ந்த மதிப்பீடு கொடுத்தார்கள். டாக்டருக்குத் தெரிந்த விவரமோ இரண்டிலும் ஒன்றே.

கணக்குத் தாள் திருத்தும்போது விடை தவறினாலும் வழிமுறைக்கு மதிப்பெண் போடுவோம். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய விடை சரியாக இருந்தாலும் பாராட்ட மாட்டோம். வாழ்க்கைக்கும் அதுதான் அளவுகோல். விசாரிக்காமல் ஏஜென்ட்டிடம் பணம் கட்டியவனுக்கு வேலை கிடைத்தாலும் அது தப்பான முடிவுதான், பொறுப்பு அவனுடையதே. விசாரித்து, வீட்டு நிலைமை பார்த்துச் சேர்ந்தவனுக்கு ஆலை மூடியதற்கு அவன் எப்படிப் பொறுப்பு?

இதை இன்று எழுதக் காரணம் உண்டு. என் மாணவி ஒருத்திக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில், "உங்க அண்ணன் முடிவெடுத்த லட்சணம்தான் தெரியுமே" என்று தடுக்கிறார்கள். பத்து வருடத்துக்கு மேலாகியும் அண்ணன் தலை நிமிரவில்லை. இப்போது தங்கைக்கும் அதே தண்டனை.

உறவுகளே, அந்தப் பெண்ணிடம் சம்பளம், கான்ட்ராக்டா நிரந்தரமா, மேற்கொண்டு படிக்க முடியுமா என்று கேளுங்கள். அண்ணன் கதையை விட்டுவிடுங்கள். அவனைப் பார்த்தால், "அன்னைக்கு நீ எடுத்தது சரியான முடிவுதான்ப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.