பழமையும் மெய்ம்மையும்

சிராங்கூன் சாலையில் பழைய நகையை மாற்றச் செல்பவர்க்கு உரைகல் துணை நிற்கிறது. பொன்னின் மாற்றை அக்கல்லில் விழும் கோடே கூறிவிடும். பழம்பொருள் வாங்குவோர்க்கு அத்தகைய உரைகல் இல்லை. பழமை வேறு, மெய்ம்மை வேறு. நூறாண்டு கண்ட பொருளும் தன் முதல் உருவை இழந்ததாக இருக்கலாம். இவ்வுண்மையை நன்கு விளக்கவல்லது, பழைய இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி.

சிங்கப்பூரில் அதனை நினைத்தவுடன் வாங்கிவிட இயலாது. உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம். குற்றச்செயலில் துப்பாக்கியால் சுடுவோர்க்கு 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் மரண தண்டனை விதிக்கிறது. ஆயினும், பிற நாடுகளில் அதனை வாங்குவோர் கையாளும் ஆராய்ச்சி முறை, துப்பாக்கியைத் தொட்டறியாத ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்தரத் தக்கதே.

அறியாதவன் முதலில் பெயரைப் பார்த்து மயங்குவான். ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை, கல்கத்தா வணிக நிறுவனங்கள் இங்கிலாந்தில் செய்வித்த துப்பாக்கிகளில் தம் பெயரைப் பொறித்து விற்றதுண்டு. ஆதலின் பெயர் விற்றவரைக் காட்டலாம். செய்தவரைக் காட்டும் என்பதற்கு உறுதியில்லை.

அறிந்தவன் எண்ணைத் தேடுவான். குழலிலும், விசைப்பகுதியிலும், குழலின் கீழ் கைதாங்கும் பகுதியிலும் எண்கள் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின், வெவ்வேறு துப்பாக்கிகளின் உறுப்புகள் கூடியுள்ளன என ஐயுறலாம். அடுத்து முத்திரையை நோக்குவான். இலண்டனிலும் பர்மிங்காமிலும் உள்ள சோதனைச் சாலைகளில், வழக்கத்திற்கு மிஞ்சிய மருந்திட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கே முத்திரை இடுவர். பர்மிங்காம் சாலை 1813இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. முத்திரைகளின் வடிவம் காலந்தோறும் மாறியமையால் அவை குழலின் வயதையும் உணர்த்தும்.

குழல்முனையில் இரு குழல்களுக்கும் இடையே இடைவெளி மிகுந்திருந்தால், முனையை வெட்டிக் குறைத்தனரோ என்று ஐயுறுவான். கைபட்டுத் தேய்ந்த மரத்தின் அருகே இரும்பு மட்டும் புதுமெருகுடன் மின்னினாலும், செதுக்குவேலை மழுங்கியிருந்தாலும், திருகாணித் தலைகள் சிதைந்திருந்தாலும், பிற்காலத்துக் கை ஒன்று புகுந்துள்ளது என்பது தெளிவு. உறுப்புகள் யாவும் ஒருங்கே மூத்திருத்தல் வேண்டும். இங்கே ஏமாறுபவன் இழப்பது பொருள் மட்டும் அன்று. உள்ளே அரித்து மெலிந்த குழலை மெருகு மறைத்திருப்பின், அது சுடுவோன் கையிலேயே வெடித்துவிடக் கூடும்.

அவ்வாறாயின், பழுதுபார்த்தவை எல்லாம் பொய்யோ? அல்ல. பழைய குழலின் அடிப்பகுதியை வைத்துக்கொண்டு புதுக்குழல் பொருத்தினால், அதனை மறுபடியும் சோதித்து, ‘சிலீவ்டு’ என்னும் சொல்லை அதன்மேல் பொறிப்பது பிரிட்டானிய முறை. மாற்றம் வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறது. ஆதலின் வஞ்சனை இல்லை. சிங்கப்பூரிலேயே இதற்கு நிகரான சான்று உண்டு. சாங்கியில் உள்ள ஜொகூர் பீரங்கித் தளத்தின் 15 அங்குலப் பீரங்கிகள் 1942இல் அழிந்தன. 1991இல் அங்கே நிலத்தடிச் சுரங்கங்கள் கண்டறியப்பட்டன. பின்னர் மாதிரிப் பீரங்கி ஒன்று நிறுவப்பட்டது. அது மாதிரியே என்று அறிவிக்கப்பட்டிருப்பதால், காண்போர் எவரும் ஏமாறுவதில்லை.

தமிழ் பயில்வோர்க்கு இம்முறை புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், கிடைத்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கியே பாடங்களைத் தெளிந்தார். ஏடு பழையது என்பதனாலேயே அதில் உள்ள பாடம் முழுதும் மூலநூலாசிரியருடையது ஆகிவிடாது. எழுதினோர் பிழையும் இடைச்செருகலும் புகுந்திருக்கக் கூடும். சொல்லும் பொருளும் யாப்பும் ஒன்றுக்கொன்று சான்று பகர்கின்றனவா என்று நோக்குவது, குழலும் விசையும் மரமும் ஒத்துள்ளனவா என்று நோக்குவதைப் போன்றதே. சிதைந்த இடத்தைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பலாம். நிரப்பியதை அடிக்குறிப்பில் கூறிவிட்டால் அது தொண்டு. கூறாது மறைத்தால், அவருடைய சொல்லையே புலவர் சொல்லாக மாணவர் தலைமுறை தலைமுறையாக ஓதி வருவர்.

ஆசிரியர் பெயரைக் கண்ட அளவில் அமைந்துவிடாமல், ஒரு செய்யுளின் உறுப்புகள் யாவும் ஒருங்கே மூத்தவைதாமா என்று வினவ மாணவரைப் பழக்குதல் வேண்டும். அப்பழக்கம் வாய்த்தவர் கடையிலும் ஏமாறார், கல்வியிலும் ஏமாறார்.