ஒரு கம்பி மட்டும் அமுங்கும்போது

ஆறு கம்பிகளில் ஐந்து ஆம்ப்பில் கணீரென்று கேட்கும். மூன்றாவது மட்டும் எங்கோ அமுங்கிப்போகும். ஜாக் போட்டு வாசிக்கும் எலக்ட்ரோ அகௌஸ்டிக் கிட்டார்களில் இது அடிக்கடி வருகிற தொல்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தேவாலயங்களிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் கிட்டார் வாசிப்பவர்களோடு பேசினால் இந்தப் புகார் வராமல் இருக்காது.

விழுப்புரம் ரயில் சந்திப்புக்குப் பக்கத்தில், மாடி அறை ஒன்றில் கிட்டார் பழுது பார்க்கிறவரைத் தேடிப் போனேன். திண்டிவனத்திலிருந்து ஓர் இளைஞர் முன்பே வந்து காத்திருந்தார்.

"அண்ணே, பிக்அப் போயிடுச்சு. புதுசு மாத்திடுங்க."

"இரு தம்பி. முதல்ல ஜாக்கப் புடுங்கிட்டு வாசி."

ஜாக் இல்லாமல் ஆறு கம்பியும் ஒரே அளவில் ஒலித்தன. பழுது கம்பியில் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஜாக்கை மறுபடி மாட்டி, 'இளைய நிலா' பாட்டின் தொடக்கத்தை வாசிக்கச் சொன்னார். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாட்டு அது. கம்பிகளைத் தனித்தனியாக மீட்டிப் போகும் வாசிப்பு என்பதால், எந்தக் கம்பி பின்தங்குகிறது என்பதை ஒளிக்க முடியாது.

பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் சேடிலுக்கு அடியில் மெல்லிய பட்டையாகக் கிடப்பது பீசோ பிக்அப். அழுத்தம் பட்டால் சில படிகங்களில் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்ததுதான் இதன் அடிப்படை. கம்பியின் அதிர்வு சேடில் வழியாக இறங்கிப் பட்டையை அழுத்த வேண்டும். சேடிலின் அடிப்பக்கம் ஓர் இடத்தில் மயிரிழை தூக்கியிருந்தாலும் அங்குள்ள கம்பி அமுங்கிவிடும். ஈக்யூவைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. ஒரு கம்பியின் சுரங்கள் பக்கத்துக் கம்பியிலும் இருக்கின்றன. ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும்.

கம்பிகளைத் தளர்த்தி சேடிலை உருவினார். அது நேரான சேடில் என்பதால் இடம் வலமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். மூன்றாவதுக்குப் பதில் இப்போது நான்காவது கம்பி அமுங்கியது. குறை சேடிலோடு இடம் மாறியதால் பிக்அப் பட்டையின் மேல் பழியில்லை. மாறாமல் அதே இடத்தில் நின்றிருந்தால் சேடில் உட்காரும் பள்ளத்தையோ பட்டையையோ சந்தேகப்பட வேண்டும். பள்ளத்தில் கிடக்கும் மரத்தூள், ஒயர் இறங்கும் துளையருகே பட்டை மடங்கியிருப்பது, சேடில் பக்கவாட்டில் இறுகிக் கீழே இறங்காமல் நிற்பது எல்லாமே இதே கோளாறைத் தரும். மழைக்கால ஈரத்தில் மேற்பலகை உப்பினால் பிரிட்ஜும் லேசாக வளையும். நேரான சேடில் அதில் முழுதாகப் படியாது.

கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை விரித்து, சேடிலைச் செங்குத்தாகப் பிடித்துத் தேய்த்தார். நாலு இழுப்பு, பிறகு வெளிச்சத்துக்கு எதிரே உருக்கு அடிக்கோலில் வைத்துப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. அடிப்பக்கம் உருண்டுவிட்டால் சேடில் வீண். அவசரத்துக்குச் சேடிலின் அடியில் காகிதத் துண்டு சொருகுவதும் உண்டு. அதைக் கச்சேரி நாளின் முதலுதவியாக மட்டுமே ஏற்கலாம் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

ஒலித்துளையில் மாட்டும் காந்த பிக்அப்பின் கதை வேறு. தடித்த கம்பிகளின் மேல் சுற்றிய வெண்கலத்தைக் காந்தம் உணராது. உள்ளிருக்கும் உருக்கை மட்டுமே உணரும். முதல் இரண்டும் முழு உருக்கு என்பதால், குறிப்பாக இரண்டாவது கம்பி கத்தும். அதற்கு நேரே உள்ள திருகைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

தேய்த்த சேடிலைத் திரும்பப் போட்டதும், திண்டிவனத்து இளைஞரின் கிட்டாரில் ஆறு கம்பியும் சமமாக ஒலிக்கத் தொடங்கின. புது பிக்அப்புக்கு வேலையே இல்லை.

இதே விழுப்புரம் மாவட்டத்தில், ஆரோவில்லின் ஸ்வரம் கூடம் 2003 முதல் இசைக்கருவி செய்கிறது; சுற்றுவட்டார கிராம இளைஞர்கள் அங்கே தொழில் பழகியிருக்கிறார்கள். பழுது பார்ப்பதற்கும் அப்படியொரு பயிற்சி விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வேண்டும். உங்கள் கிட்டாரில் ஒரு கம்பி அமுங்கினால், புது பிக்அப் வாங்கும் முன் சேடிலைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பொருள் எதுவும் மாற்றவில்லையே என்று கூலியைக் குறைக்காதீர்கள்.