நூலுக்கும் நம்பிக்கைக்கும் ஒரே சொல்

போன கார்த்திகையில் அம்மாவின் பயாப்ஸி முடிவுக்காகப் பத்து நாள் காத்திருந்தோம். முடிவு கைப்பேசிக்கே வந்துவிடும் என்றிருந்தார்கள். முழங்கால் போட்டு ஜெபிக்கும்போதும் கை கைப்பேசியைத்தான் தேடியது. அந்த ஞாயிறு சபையில் யோபு ஏழாம் அதிகாரம் வாசித்தார்கள். நெசவுக்காரன் எறிகிற நாடாவைவிட வேகமாகத் தன் நாட்கள் ஓடி, நம்பிக்கையில்லாமல் முடிகின்றன என்று யோபு புலம்பும் இடம் அது.

காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு நாடாவை யாரும் விளக்க வேண்டாம். நூல் தீர்ந்தால் நாடா நிற்கும், அது தெரியும். நாடாவுக்குப் பக்கத்தில் 'நம்பிக்கை' எப்படி வந்து உட்கார்ந்தது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தமிழ் வேதாகமத்தில் தேடினேன். அதைப் பெயர்க்கத் தொடங்கிய சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தது 1706-இல். பழைய ஏற்பாட்டை ரூத் வரை பெயர்த்தபின் அவர் இறந்துபோனார். மீதியை முடித்தவர் ஷூல்ட்சே. பிறகு பப்ரிசியஸ், அதற்கும் பிறகு பவர். இத்தனை பேர் உழைத்த மொழிபெயர்ப்பு வரிசையில் என் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. எபிரெயம் படித்த போதகர் ஒருவரிடம் கேட்டேன். அவர் ஒரே சொல்லைச் சொன்னார்: திக்வா.

இஸ்ரேலின் தேசிய கீதத்துக்கு 'ஹத்திக்வா' என்று பெயர். நம்பிக்கை என்று பொருள். ஆனால் யோசுவா இரண்டாம் அதிகாரத்தில் எரிகோ ஊர்க்காரி ராகாப் தன் ஜன்னலில் கட்டுகிறாளே சிவப்பு நூல் கயிறு, அந்தக் கயிறும் திக்வாதான். யோபு ஒரே சொல்லில் இரண்டையும் சொல்லியிருக்கிறார். நூல் தீர்ந்தது, நம்பிக்கையும் தீர்ந்தது. தமிழில் இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும். மொழிபெயர்த்தவர்கள் நம்பிக்கையை வைத்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். திக்வாவின் வேர் 'காவா' என்ற வினை. காத்திருத்தல் என்று பொருள். ஏசாயா நாற்பதாம் அதிகாரத்தில், கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் பெலன் அடைவார்கள் என்னும் இடத்தில் வருவதும் அதே வினைதான். முறுக்குவது, திரிப்பது என்ற பொருளோடு அதை இணைத்துப் பார்க்கும் அறிஞர்களும் உண்டு.

மறுநாள் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தெரிந்த அக்கா வீட்டுக்குப் போனேன். மழைக்காலத்தில் தெருவில் பாவு விரிக்க முடியாது. வெயிலுக்காகத் தெருவே காத்துக்கிடக்கும். அவர் மட்டும் தறியடியில் உட்கார்ந்திருந்தார். மூன்று சேலை நெய்து முடிந்த பாவின் கடைசி இழைகள் தறியில் நின்றன. அவற்றோடு புதுப் பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தார். விரலில் சாம்பலைத் தொட்டு, பழைய இழை ஒன்று, புதிய இழை ஒன்று, சேர்த்து ஒரு முறுக்கு. அடுத்தது. ஆயிரக்கணக்கான இழைகள்.

"எப்பக்கா முடியும்?"

"நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும் தம்பி. அவசரப்பட்டு ஒரு இழை விட்டுப்போச்சுன்னா சேலை முழுக்கக் கோடு தெரியும்."

அவர் காத்திருக்கிறார், கை சும்மா இல்லை. நான் இத்தனை நாளும் காத்திருக்கவே இல்லை, கைப்பேசியின் திரையைத் தேய்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன் என்பது அங்கேதான் உறைத்தது. கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதரை நாற்பது வருஷம் பொறுத்து 2019-இல் கண்ட ஊர் இது. காத்திருப்பதை இங்கே யாருக்கும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

அன்று இரவு கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்தேன். ராகாபின் கதையை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். எரிகோ விழும்வரை அந்தக் கயிறு ஜன்னலிலேயே கட்டியிருந்தது. அந்த நாட்களில் அவளுக்குக் கிடைத்த அடையாளம் அது ஒன்றுதான்.

முடிவு வந்தது. அம்மாவுக்குச் சிகிச்சை தொடங்கியிருக்கிறோம், ஆறு மாதம் ஆகும். திருவருகைக் காலத்தில் வேதாகமத்தைத் திறப்பவர்கள் யோசுவா 2:18-ஐயும் யோபு 7:6-ஐயும் அடுத்தடுத்து வாசியுங்கள். 'கயிறு' வரும் இடத்தில் 'நம்பிக்கை' என்றும், 'நம்பிக்கை' வரும் இடத்தில் 'நூல்' என்றும் ஒருமுறை மாற்றிப் படித்துப் பாருங்கள்.